வாளிக்குப் பூசிய சுண்ணாம்பு

தம்பி,

ஃபோனில் எழுதினால் பஸ்ஸுக்கு நிற்கும்போது ஒரு விரலால் தள்ளிவிட்டுப் போய்விடுவாய் என்று பேப்பரில் எழுதுகிறேன். இன்றைக்கு வியாழக்கிழமை. உனக்கும் அபிக்கும் கல்யாணத்துக்கு இன்னும் பத்து நாள். நீ இந்த வீட்டை விட்டு ஆர்ச்வேக்குப் போய் நாலு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதற்குள் நீ எனக்கு அனுப்பியது ஒரேயொரு மெசேஜ். "அம்மா, அபியின்ரை அப்பாட்டை நீங்களே மன்னிப்புக் கேட்டால் கல்யாணத்துக்கு வாங்கோ. கேக்காட்டி வர வேண்டாம்." அதை நான் எத்தனை தரம் வாசித்தேன் என்று சொன்னால் சிரிப்பாய். சும்மா இருக்கத் தெரியாத மனிசி நான், நீ போனபிறகு அது இன்னும் மோசம். மேலே போவேன், எதற்குப் போனேன் என்று மறந்து கீழே வருவேன். குசினி அலுமாரியை மூன்று தரம் இறக்கி ஏற்றிவிட்டேன். ரீவிக்கு முன்னால் இருக்கிற உன் அப்பா, "இஞ்சேரும், ஒரு இடத்திலை கொஞ்சம் இருமன்" என்று சொல்லிச் சொல்லிக் களைத்துப் போனார். இப்போதுகூட ஒரு வரி எழுதுவதும் எழும்பிப் போய் ஜன்னலால் எட்டிப் பார்ப்பதுமாகத்தான் எழுதுகிறேன். எழுத்து கோணிக்கொண்டு போனால் பொறுத்துக்கொள்.

அபியின் அப்பா இங்கே வந்த அந்த ஞாயிற்றுக்கிழமையை நீ உன் கண்ணால் பார்த்தாய். ஆனால் அதற்கு முதல் இரண்டு கிழமை இந்த வீட்டில் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது. அபியின் அப்பா ரொறன்ரோவிலிருந்து கல்யாணம் பேச வருகிறார் என்று நீ சொன்ன நாள் தொடக்கம் நான் ஃபோனும் கையுமாகத்தான் திரிந்தேன். சுவிஸில் மாமாவுக்கு, நோர்வேயில் பெரியம்மாவின் மகளுக்கு, ரொறன்ரோவிலேயே இருக்கிற என் பழைய வகுப்புக்காரிக்கு. "ஆர் ஆக்கள் எண்டு ஒருக்கா விசாரிச்சுச் சொல்லுங்கோவன்." சாதி என்ற சொல் எங்கள் வாயில் வராது, கவனித்திருக்கிறாயா? ஆர் ஆக்கள், எந்தப் பக்கம், எங்கடை ஆக்களோ, அவ்வளவுதான். அந்தச் சொல்லைத் தொடாமலே முழு விசாரணையும் நடந்து தீர்ப்பும் எழுதி முடிந்துவிடும். கடைசியில் மாமாதான் கண்டுபிடித்துச் சொன்னார், அபியின் அப்பாவின் ஐயா பனையேறிக் கள்ளுச் சீவினவர் என்று. அதைச் சொல்லும்போது மாமாவின் குரலில் ஒரு சந்தோசம் இருந்தது. கேட்கும்போது எனக்கும் இருந்தது. பிழை பிடித்துவிட்டோம் என்கிற சந்தோசம்.

அபியின் அப்பா வந்தார். மனைவியைப் பறிகொடுத்தவர், ரொறன்ரோவிலிருந்து தனியாகத்தான் வந்தார், நீயும் அபியும் அவரைக் கூட்டிக்கொண்டு வந்தீர்கள். கையில் ஒரு சின்னப் பெட்டி. அதற்குள் ஒரு டின் மேப்பிள் பாகு, மரத்தில் செருகுகிற இரண்டு சில்வர் குழாய், இலை வடிவத்தில் இனிப்பு வார்க்கிற ஒரு ரப்பர் அச்சு. பூவும் பழமும் கொண்டுவராமல் இதென்ன என்று நான் மனதுக்குள் நினைத்தேன். அவர் குசினி ஜன்னலால் எங்கள் தோட்டத்து மூலையில் நிற்கிற மரத்தைப் பார்த்துவிட்டு, "இது சிக்கமோர் எல்லே அக்கா? மேப்பிளின்ரை சொந்தக்காரன். மாசியிலை இதிலையும் துளை போட்டுத் தண்ணி எடுக்கலாம். ரொறன்ரோவிலை என்ரை வீட்டுக்குப் பின்னாலை ரெண்டு மேப்பிள் நிக்குது, வருஷாவருஷம் காய்ச்சுறனான்" என்றார். பிள்ளைகள் விளையாட்டுச் சாமானைக் காட்டுகிற மாதிரி அவ்வளவு ஆசையாகச் சொன்னார். நான் சிரித்துக்கொண்டே, "உங்கடை ஆக்களுக்கு மரத்தைக் கண்டால் கை சும்மா இராது போலை" என்றேன். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் மறக்க ஏலாமல் இருக்கிறது. திட்டியிருந்தால்கூட இவ்வளவு கேவலமாக இருந்திராது.

பிறகு தேத்தண்ணி கொண்டுவந்தேன். உனக்கும் அபிக்கும் அப்பாவுக்கும் நீலப்பூப் போட்ட கப்பில். அவருக்குப் பேப்பர் கப்பில். "அம்மா, ஏன் அவருக்கு மட்டும் பேப்பர் கப்?" என்று நீ எல்லாருக்கும் கேட்கக் கேட்டாய். "கப் காணாது தம்பி, மிச்சம் கழுவாமல் கிடக்குது" என்றேன். அவர் ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தார். குடித்துவிட்டு எழும்பிப் போய்த் தானே அதைக் குப்பை வாளியில் போட்டார். "நல்ல தேத்தண்ணி அக்கா" என்றார். நீ அவர்களோடு வெளியே போனாய். அடுத்தநாள் உடுப்பு எடுக்க வந்தபோது என் முகத்தைப் பார்க்கவில்லை.

இப்போது உனக்குச் சொல்லாததைச் சொல்லப் போகிறேன். மேல்தட்டில் கழுவித் துடைத்த கப் ஐந்து இருந்தது. அந்தப் பேப்பர் கப்பை நான் முதல்நாள் மனோர் பார்க்கில் கோயிலுக்குப் போய்விட்டு வரும் வழியில் கடையில் வாங்கினேன். அவருக்கென்றே வாங்கினேன். அர்ச்சனைத் தட்டும் அந்தக் கப் கட்டும் ஒரே பையில்தான் வந்தது. லண்டனில் இருபத்துமூன்று வருஷம், அதற்கு முதல் ஜேர்மனியில் எட்டு வருஷம், எத்தனையோ வெள்ளைக்காரர் வீட்டுக் கோப்பைகளைக் கழுவியிருக்கிறேன். ஒரு மனிசன் என் கோப்பையில் வாய் வைக்கக்கூடாது என்று இந்த வயதிலும் கடைக்குப் போய்க் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு வந்தேன். உன் அப்பாவுக்கு அன்றைக்கு இது தெரியாது. ஆனால் அவருக்குக் கண் இருக்கிறது. பேப்பர் கப்பைக் கண்டவர், கண்டும் தன் தேத்தண்ணியைக் குடித்தவர். அவரை நான் குறை சொல்லவில்லை, என் வாய்க்குப் பயந்து முப்பது வருஷம் பழகிவிட்டார். உனக்குச் சொல்வதெல்லாம் இதுதான்: நீயும் அபியும் அப்படி ஒருவருக்கொருவர் பயந்து பழகாதீர்கள். பிழை என்று கண்டால் அந்த நிமிஷத்திலேயே கேள். நீ அன்றைக்குக் கேட்டாய். எனக்கு உன்னில் அவ்வளவு கோபம் வந்தது. இப்போது யோசித்தால், அப்படிக் கேட்கிற பிள்ளை எனக்கு எப்படிக் கிடைத்தது என்று ஆச்சரியமாக இருக்கிறது.

இது அன்றைக்குத் தொடங்கியதும் அல்ல. உனக்கு ஒன்பது வயதில் ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு சிநேகிதன் இருந்தான், பிரசன்னா. இரண்டு பேரும் பள்ளிக்கூடம் விட்டு எங்கள் தோட்டத்துக்கு வந்து, சிக்கமோர் விதையை மேலே எறிந்து ஹெலிகொப்டர் விடுவீர்கள். அவனுடைய பிறந்தநாளுக்கு நீ ஒரு கிழமையாகக் கார்ட் கீறினாய். அந்தக் கிழமைதான் அவன் அப்பா ஊரில் எந்தப் பக்கம் என்று எனக்கு யாரோ சொன்னார்கள். சனிக்கிழமை காலை நான் அவன் அம்மாவுக்கு ஃபோன் எடுத்து உனக்குக் காய்ச்சல் என்றேன். உனக்குக் காய்ச்சல் இல்லை. உன்னிடம் பார்ட்டி நின்றுபோய்விட்டது என்றேன். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் அவன் உன்னோடு கதைக்கவில்லை என்று வந்து அழுதாய், ஏன் என்று தெரியாமல் அழுதாய். நான் உன் தலையைத் தடவி, "வேறை பெடியளோடை விளையாடு" என்றேன். இருபது வருஷம் கழித்து உனக்கு அதன் காரணத்தை எழுதுகிறேன். இதை வாசித்துவிட்டு நீ கோபப்பட்டால் அது நியாயம்தான். எப்படியும் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தை மாதம் அந்தப் பெட்டியைத் திறந்தேன். மன்னிப்புக் கேட்கிற எண்ணம் ஒன்றும் அப்போது இல்லை, பொய் சொல்ல மாட்டேன். ஒரு வீம்புதான். அந்த மனிசன் செய்கிறதை நானும் செய்வேன், அதிலென்ன பெரிய விசயம் என்கிற வீம்பு. படிக்குக் கீழே நீ விட்டுப்போன டிரில்லை எடுத்து, யூடியூப்பில் ஒரு வெள்ளைக்காரி சொன்னபடி இடுப்பு உயரத்தில், கொஞ்சம் மேல்நோக்கிச் சரிவாக, இரண்டு விரற்கட்டை ஆழத்துக்குத் துளை போட்டேன். அப்பா கையைப் பிசைந்துகொண்டு பின்னால் நின்றார். "கவுன்சில்காரன் கண்டால்?" என்றார். "எங்கடை தோட்டம், எங்கடை மரம். போய் வாளியைக் கொண்டுவாங்கோ" என்றேன். இரவு குளிர்ந்து பகலில் கொஞ்சம் வெயில் அடிக்கிற நாட்களில்தான் தண்ணி ஓடும். முதல்நாள் ஒன்றும் இல்லை. இரண்டாம்நாள் நான் உடுப்புக் காயப் போடப் போனபோது குழாய் நுனியில் ஒரு சொட்டு நின்றது, விழுந்தது, அடுத்த சொட்டு வந்தது. நக்கிப் பார்த்தேன். வெறும் தண்ணி மாதிரித்தான் இருந்தது. நாக்கில் கடைசியாக மட்டும் மெல்லிய இனிப்பு ஒன்று தட்டியது. அந்த நேரம் உன்னைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும் போல இருந்தது. உன் பெயரைக் கூப்பிட்டும்விட்டேன்.

அதற்குப் பிறகுதான் என் கெட்டித்தனம். மரத்துத் தண்ணி என்றால் வாளிக்குச் சுண்ணாம்பு பூச வேண்டும், பூசாவிட்டால் புளித்துக் கள்ளாகிவிடும். இது எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கள் வீட்டுக்குத் தினமும் கருப்பணி, அதுதான் புளிக்காத பதநீர், கொண்டுவந்து ஊற்றுகிறவரின் முட்டிக்குள் வெள்ளையாகப் பூசியிருந்ததைப் பார்த்து வளர்ந்தவள் நான். வெற்றிலைக்கு வைத்திருந்த சுண்ணாம்புச் செப்பு முழுவதையும் வழித்து இரண்டு வாளிக்கும் உள்ளே பூசினேன். பூசிக்கொண்டிருக்கும்போதுதான் ஒன்று யோசித்தேன். பத்து வருஷத்துக்கு மேல் அந்த மனிசன் எங்கள் வீட்டுப் பின்வாசலுக்கு வந்திருக்கிறார். அவருடைய பெயர் எனக்குத் தெரியாது. முட்டியின் நிறம் தெரியும், பூச்சின் தடிப்புத் தெரியும், பெயர் தெரியாது. அந்த யோசனை பிடிக்காமல் ரேடியோவைச் சத்தமாகப் போட்டேன்.

மூன்று நாளில் இருபது லீற்றர் சேர்ந்தது. பொங்கலுக்கு வைத்திருக்கிற பெரிய சட்டியில் ஊற்றிக் குசினிக்குள்ளேயே கொதிக்க வைத்தேன். குளிர் என்று ஜன்னல் எல்லாம் பூட்டி. பின்னேரம் ஆவதற்குள் வீடு முழுக்கப் பனிப்புகார் மாதிரி ஆவி. சுவரில் ஒட்டின பேப்பர் மேல் மூலையிலிருந்து பாய் சுருட்டுகிற மாதிரிச் சுருண்டு இறங்கியது. ஸ்மோக் அலாரம் கத்த, அப்பா துவாயால் அதை வீசிக்கொண்டு கதிரையில் ஏறி நிற்க, நான் அலாரத்தைப் பார்த்த அந்த இரண்டு நிமிஷத்தில் சட்டி அடிப்பிடித்துவிட்டது. மிஞ்சியது கறுப்பாக ஒரு களி. வாயில் வைத்தால் கசப்பு, பிறகு நாக்கு எரிவு. இரண்டாம் தரம் புத்தி வந்து வெளியே பார்பிக்யூ காஸ் அடுப்பில் வைத்தேன். குடையைப் பிடித்துக்கொண்டு நாள் முழுக்கக் காவல் நின்றேன், அடிப்பிடிக்கவும் விடவில்லை. அதுவும் கறுத்தது, அதுவும் கசந்தது. அடியில் மணல் மாதிரி வேறு ஏதோ நின்றது. அவர் தந்த டின்னை உடைத்து ஒரு சொட்டு நக்கிப் பார்த்தேன். அது பொன் நிறம், வாய் முழுக்க வாசம். எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது. நல்ல தண்ணிதான், ஓடும்போது நானே நக்கிப் பார்த்தேன். வாளிக்கும் சட்டிக்கும் நடுவில் அதை எது கெடுக்கிறது என்று மட்டும் பிடிபடவில்லை. இதைக் கேட்க எனக்குத் தெரிந்த ஒரேயொரு ஆள் யார் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை.

போன கிழமை திங்கட்கிழமை மத்தியானம், அங்கே காலை நேரம் பார்த்து எடுத்தேன். மூன்று தரம் நம்பரை அடித்து மூன்று தரமும் வெட்டி, நாலாம் தரம் மணி அடிக்க விட்டேன். "ஹலோ" என்றார். "நான்... மாப்பிள்ளையின்ரை அம்மா கதைக்கிறன், லண்டனிலையிருந்து." "சொல்லுங்கோ அக்கா" என்றார். என் வாய் ஓடி ஒளிந்தது பாகுக்குள்தான். மரத்தில் துளை போட்டது, வாளி வைத்தது, இரண்டு தரமும் கசந்தது எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னேன். அவர் முழுவதும் கேட்டுவிட்டு, "வாளிக்கு ஏதும் பூசினனீங்களோ அக்கா?" என்றார்.

"சுண்ணாம்பு."

அவர் சிரிக்கத் தொடங்கினார். நக்கல் சிரிப்பு இல்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருகிற சிரிப்பு. "நானும் முதல் வருஷம் பூசினனான் அக்கா, அதுதான் கசக்கிறது. அந்தக் குளிரிலை எது புளிக்கப் போகுது? கை தன்ரை பாட்டிலை பூசிப்போட்டுது. அபியின்ரை அம்மா இருந்தவ அப்ப. ஒரு கிழமையாய் என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரிச்சவ." எனக்கும் சிரிப்பு வந்தது தம்பி. உன் அப்பா ரீவியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தேன். அதன்பிறகு அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். வாளிக்கு ஒன்றும் பூசாமல் மூடி வைக்க வேண்டும், அன்றன்றைக்கே காய்ச்ச வேண்டும், இல்லாவிட்டால் ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். வெளியே பெரிய தீயில் வற்ற வைத்து, கடைசியை மட்டும் உள்ளே சின்னத் தீயில் பார்க்க வேண்டும். வெறும் தண்ணி கொதிக்கிற சூட்டுக்கு மேல் நாலு டிகிரி வந்தால் பாகு. தெர்மோமீற்றர் இல்லாவிட்டால் கரண்டியைச் சரித்துப் பார்க்க வேண்டும், சொட்டுச் சொட்டாக விழாமல் பாளமாக வழிந்தால் இறக்கிவிடலாம். அந்த மணல் ஊத்தை இல்லை, மரத்தின் தண்ணியில் இருக்கிறதுதான், சூட்டோடு தடித்த துணியில் வடித்தால் போய்விடும். "கடைசி அஞ்சு நிமிஷம் வீடு இடிஞ்சாலும் அடுப்பை விட்டு அசையாதேங்கோ." அவ்வளவையும் எனக்குப் பொறுமையாக, திருப்பித் திருப்பிச் சொன்னார். நான் எழுதிக்கொண்டேன். எழுத எழுதக் கை கூசியது. இவ்வளவு மரியாதையாகக் கதைக்கிற மனிசனுக்கு நான் என்ன செய்தேன் என்று.

"வேறை என்ன அக்கா?" என்றார். ஃபோனை வைக்கப் போகிறார் என்று தெரிந்தது. அப்போது சொல்லாவிட்டால் பிறகு சொல்ல மாட்டேன் என்றும் தெரிந்தது. "அண்ணை, அண்டைக்குக் கப் காணாமல் இல்லை. உங்களுக்கெண்டுதான் பேப்பர் கப் வாங்கினனான். மரத்தைப் பற்றிக் கதைச்சதும் தெரிஞ்சுதான் கதைச்சனான். பெரிய பிழை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ." சொல்லி முடிக்கும்போது என் குரல் எனக்கே யாருடையதோ மாதிரிக் கேட்டது. அப்பா கதிரையில் அப்படியே இருந்தார்.

அவர் சொன்னதை நான் ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதுகிறேன், ஏனென்றால் உனக்கு அவர் இதைச் சொல்ல மாட்டார். "எனக்குத் தெரியும் அக்கா. பிளேனிலை வரேக்கையே இப்பிடி ஏதோ ஒண்டு வரும் எண்டு தெரியும். எனக்கு அது புதிசில்லை. அபிக்குத்தான் தெரியாது. அவளுக்கு நான் இருபத்தெட்டு வருஷமாய் ஒண்டும் சொல்லேல்லை. தெரியாமலே வளரட்டும் எண்டு விட்டனான். அண்டைக்கு உங்கடை வீட்டாலை வந்து பிள்ளையள் என்னைக் கொண்டுவந்து ஹோட்டலிலை விட்டபிறகு, 'அப்பா, ஏன் உங்களுக்கு மட்டும் அப்பிடி?' எண்டு கேட்டாள். அந்தக் கதை முழுக்க அண்டைக்கு அந்த ரூமிலை இருந்து சொல்ல வேண்டி வந்தது. அதுதான் அக்கா எனக்கு. கப் இல்லை."

நான் ஃபோனை மற்றக் காதுக்கு மாற்றினேன். அவரே தொடர்ந்தார்.

"மன்னிச்சிட்டன் எண்டு சொன்னால் அது பொய். நான் இப்ப சொல்ல மாட்டன். ஆனா நீங்கள் கலியாணத்துக்கு வாங்கோ. நீங்கள் வராட்டி அந்தப் பிள்ளையள் அதையும் காவிக்கொண்டு திரியுங்கள்." அவ்வளவுதான். பிறகு, "பாகு சரிவந்தால் ஒரு படம் எடுத்து அனுப்புங்கோ" என்றார். ஃபோனை வைத்தார்.

தம்பி, நீ போட்ட கட்டளையை நான் செய்துவிட்டேன் என்று கணக்குக் காட்ட இதை எழுதவில்லை. முதலில் ஃபோன் எடுக்கும்போது அந்த எண்ணம் கொஞ்சம் இருந்தது, மறைக்க மாட்டேன். கேட்டால் மன்னித்துவிடுவார், மன்னித்தால் நீ கதைப்பாய், எல்லாம் பழையபடி வரும் என்று நினைத்தேன். வரவில்லை. வராது. மன்னிப்புக் கேட்டால் உடனே கிடைக்கும் என்று எனக்கு யார் சொன்னது? அவரைப் போய் நீ அதற்காகக் கேட்காதே, அபியைக் கொண்டும் கேட்பிக்காதே. அது அவருடைய விருப்பம். அபியிடம் நான் கேட்க வேண்டியது தனி. அதை ஃபோனில் கேட்க மாட்டேன், அவள் முகத்தைப் பார்த்துக் கேட்பேன். அவள் திரும்பிக்கொண்டு போனால் போகட்டும், நீ குறுக்கே வந்து சமாளிக்காதே. உங்களுக்கு ஒரு பிள்ளை பிறந்து, அது ஒருநாள் ஒரு சிநேகிதனைக் கூட்டிக்கொண்டு வர, நான் "தம்பி, உங்கடை அம்மா அப்பா எந்தப் பக்கம்?" என்று வாயைத் திறந்தால், அந்த இடத்திலேயே என்னை நிறுத்து. நான் திருந்திவிட்டேன் என்று நம்பி இருந்துவிடாதே. எனக்கே அந்த நம்பிக்கை இல்லை. இந்த வாய் அறுபத்திரண்டு வருஷம் அப்படியே பழகினது.

பாகு சரிவந்தது. நேற்று முன்தினம், மூன்றாம் தரம். இருபது லீற்றருக்கு ஒரு தேத்தண்ணிக் கோப்பை அளவுதான். தேன் நிறம், கொஞ்சம் மரவாசம். அதில் பாதியை இன்னும் கொஞ்சம் முறுக விட்டு, இறக்கிக் கை வலிக்க வலிக்கக் கிண்டி, வெளிறி வரும்போது அந்த இலை அச்சில் வார்த்தேன். இலை பத்துத்தான் வந்தது, வாயில் வைத்தால் மணல் மாதிரி உடைந்து கரைகிறது. ஃப்ரீசரில் ஐஸைச் சுரண்டி அதன்மேல் ஒரு கரண்டி விட்டால் ரொபி மாதிரி இழுபடுகிறது. மிச்சத்தில் எள்ளை வறுத்துப் போட்டு உருட்டினேன், எங்கள் எள்ளுருண்டைக்கு இவ்வளவு நல்ல பாகு கிடைத்ததே இல்லை. உன் அப்பா நாலை ஒரே மூச்சில் சாப்பிட்டுவிட்டு, "இனி வாளிக்கு ஒண்டும் பூசாதையும்" என்றார். நான் அபியின் அப்பாவுக்குப் படம் அனுப்பினேன். ஒரு பெருவிரல் படம் வந்தது, வேறொன்றும் இல்லை. உனக்கு நான் இனிப்பு அனுப்பவில்லை. இனிப்புக் கொடுத்து உன்னைச் சமாதானப்படுத்தப் பார்க்கிறேன் என்று நீ நினைக்கக்கூடாது. துளைகளிலிருந்து குழாயை எடுத்துவிட்டேன், மொட்டு விடப் போகிறது, இனி வருகிற தண்ணி கசக்குமாம். மரம் தன் காயத்தைத் தானே மூடிக்கொள்ளும் என்று அந்த வெள்ளைக்காரி சொல்கிறாள்.

இனிக் கடைசி. நேற்றுப் பின்னேரம் மாமா சுவிஸிலிருந்து எடுத்தார். கல்யாணத்துக்கு அவரும் மாமியும் வருவதில்லை என்று முதலே சொல்லியிருந்தது உனக்குத் தெரியும். என்னால்தான் வரவில்லை, ஆர் ஆக்கள் என்று கிளப்பிவிட்டவள் நான்தான். "நீயும் போக மாட்டாய்தானே?" என்றார். நான் போகிறேன் என்றேன். "உனக்கு என்ன விசரே? நீதானே முதலிலை விசாரிக்கச் சொன்னனீ. இனி எங்கடை சனத்துக்கு நான் என்ன முகத்தைக் காட்டுறது?" என்றார். நான், "அண்ணை, நான் செய்தது பிழை. நீங்களும் வாங்கோ" என்றேன். அவர், "அவையோடை ஒரு மேசையிலை இருந்து சாப்பிடப் போறியோ?" என்றார். அந்தக் கேள்விக்கு எங்கள் வீட்டில் இதுவரை எல்லாரும் ஒரே பதில்தான் சொல்லியிருக்கிறார்கள், இல்லை என்று.

"ஓம் அண்ணை" என்றேன். "பிறகு எனக்கு ஃபோன் எடுக்காதை" என்று சொல்லி வெட்டிவிட்டார். முப்பத்தொரு வயதில் என்னைக் கையைப் பிடித்து நாட்டை விட்டுக் கூட்டிக்கொண்டு வந்த அண்ணன். எனக்குக் கூடப்பிறந்தது அவர் ஒருவர்தான். நான் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு குசினிக்குள் கன நேரம் நின்றேன். அழுதேன், சொல்ல வெட்கமில்லை. திரும்ப எடுக்கவில்லை. வாற கிழமை ஞாயிற்றுக்கிழமை நானும் அப்பாவும் கல்யாணத்துக்கு வாறம். நீ வர வேண்டாம் என்றால், அப்பாவிடம் சொல்லி அனுப்பாதே. நீயே எடுத்து எனக்குச் சொல்.

அம்மா